தவிட்டுக்குப் போன பேர்

ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் ஸ்டேசனில் அந்த மனுசி இறங்கி நின்று என்னைத் தாண்டிப் பார்த்தார்.

ரெயில் அங்கே முடிகிறது. வந்த எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். சனம் கலைந்த பிறகு மூன்று பேர்தான் மிச்சம். நான், என் மகன் ரமணன், கழுத்தில் பச்சைச் சால்வையும் கையில் ஒரு துணிப்பையுமாக அந்த மனுசி. எழுபது வயது இருக்கும். ஐப்பசி மாதம். மழை விட்டு, தண்டவாளத்தில் ஈர இரும்பு மணம்.

எங்களைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். பிறகும் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் டிக்கெட் மெசினும் ஒரு குப்பைத் தொட்டியும்தான் நின்றன.

"பாத்தீங்களே அப்பா," என்றான் ரமணன். "இதைத்தான் நான் சொல்லுறனான்."

பிறகு இங்கிலீசில் அவரிடம் சொன்னான். "நாங்கள்தான் ஹெசல்த்வெய்ட்."

மனுசி பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "ஓ," என்றார். கொஞ்சம் நின்று, கையை நீட்டினார்.

"நானும்."

பேருக்குப் பின்னால்

போன கிழமை இந்தப் பக்கத்தில் நான் மீன் ஃபக்டறியில் வேலை செய்த கதையை எழுதினேன். வாசித்த ஒருவர் கோயிலில் கண்டு கேட்டார், "அண்ணை, மீன் வெட்டினது சரி. உங்கட பேருக்குப் பின்னால ஒரு வெள்ளைக்காரன் நிக்கிறானே, அவன் ஆர்?"

நியாயமான கேள்வி. நான் நடேசன். ஊர் திருகோணமலை. சைவக்காரன். நோர்வேக் கடதாசியில் நான் நடேசன் ஹெசல்த்வெய்ட்.

எங்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பேரை முன்னுக்குப் போட்டு எழுதுவோம். அடுத்த தலைமுறையில் அந்தப் பேர் கழன்றுவிடும், நம்முடைய பேர் அந்த இடத்துக்கு வரும். இங்கே வந்த புதிதில் கந்தோரில் இருந்த பிள்ளை குடும்பப் பேர் எது என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. தகப்பன் பேரைச் சொன்னேன். எழுதினாள்.

என் அப்பரின் பேர் ஹெசல்த்வெய்ட். ஊர்ச்சனம் எசல்வேற்றர் என்று கூப்பிடும். நெற்றியில் விபூதி, இடுப்பில் நாலு முழம். அந்தப் பேரும் அவரும் ஒன்றாக இருந்ததில் ஊரில் ஒருவருக்கும் புதினம் இல்லை.

பிறகு என் மனுசி தங்கம் வந்தா. அவவும் ஹெசல்த்வெய்ட் ஆனா. ரமணன் பிறந்தான், அவனும் அப்படி. என் தம்பி வடக்கே துரொண்ட்ஹெய்ம் பட்டணத்துக்கு வந்தான். அவனும் அதையே சொல்லி, அங்கேயும் ஒரு வீடு ஹெசல்த்வெய்ட் ஆனது. ஊரில் என்னோடு முடிந்திருக்க வேண்டிய பேர் இங்கே கொடி விட்டது.

பஸ் கழுவுகிற இடத்தில் என்னோடு வேலை செய்த ஷெல், நோர்வேயின் மேற்குக் கரையோர ஆள். என் பேர்ப் பட்டியைப் பார்த்து முதல் நாளே சிரித்தான். "இது எங்கட பக்கத்துத் தோட்டப் பேர் மாதிரி இருக்கே. ஹாசெல்த்வைட். நீ என்ர மாமன் வழியோ?"

"பாத்தாத் தெரியேல்லையோ?" என்றேன்.

அன்றிலிருந்து அவன் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டான். நல்ல மனிதன்.

ரமணன் சொன்னது

ரமணன் துரொண்ட்ஹெய்மில் சித்தப்பன் வீட்டில் நின்று எஞ்சினியருக்குப் படித்தவன். நல்ல மாக்ஸ். வேலைக்கு எழுதிப் போட்டால் கூப்பிடுவார்கள். அதில் குறை இல்லை.

"பேரைப் பாத்து இங்கிலீஷ்காரன் எண்டு கூப்பிடுறாங்கள்," என்பான். "கதவைத் திறந்து போனா, எனக்குப் பின்னால ஆர் வாறான் எண்டு பாக்கிறாங்கள். கொஞ்ச நேரம்தான். ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தில நான் கள்ளன் மாதிரி நிக்கிறன்."

கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. ஆனாலும் அந்தப் பார்வை அவனுக்குள் நின்றுவிட்டது.

அந்த வருசம் அவன் மனைவி சுஜி பிள்ளைத்தாய்ச்சி. முதல் பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது. வீட்டில் எல்லோரும் மெதுவாகக் கதைத்துத் திரிந்த காலம்.

ஒரு ஞாயிறு பியோர்ண்டாலில் தங்கள் வீட்டில் இருந்து வந்து, சாப்பிட்டுக் கை கழுவி, துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அப்பா, பிள்ளை பிறக்க முதல் நான் பேரை மாத்தப் போறன். பிள்ளைக்கு இந்தத் தொல்லை வேண்டாம்."

"என்ன பேர்?"

"நடேசன். உங்கட பேர்தான். முறைப்படி அதுதானே வரவேணும். சந்தோசப்படுங்கோ."

"ஓம்," என்றேன்.

முறை அவன் பக்கம். நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று இருந்தது, சொல்லவில்லை. அப்பர் ஊரில் இயக்கச் சண்டைக் காலத்தில் ஒருநாள் சந்தைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. தேடின ஆட்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கொள்ளி வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நான் அப்போது நோர்வேயின் வடக்கே மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். அவருக்குக் கல் இல்லை, சாம்பல் இல்லை. அவர் பேர் எழுதி நிற்கிற இடம் கீழே எங்கள் கடிதப்பெட்டி ஒன்றுதான். வேலையால் வரும்போது கடிதம் இல்லாவிட்டாலும் அதைத் திறந்து மூடிவிட்டுத்தான் மேலே ஏறுவேன்.

பேரன் பேத்தி அந்தப் பேரில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

இங்கிலாந்து டெலிபோன்

அந்தக் கிழமைகளில்தான் டெலிபோன் வந்தது. இங்கிலீஷ். எனக்கு அது தட்டுத்தடுமாற்றம். ரமணன் நின்றதால் அவனிடம் கொடுத்தேன்.

அவர் பேர் எடித் ஹெசல்த்வெய்ட். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பள்ளத்தாக்கு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. தன் பேர் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் இப்போது வேலை. இன்டர்நெட்டில் நாட்டுக்கு நாடு டெலிபோன் புத்தகம் பார்க்கிறார். நோர்வேயில் எங்கள் வீடுகள் அகப்பட்டிருக்கின்றன.

"நேரில வாறாவாம்," என்றான் ரமணன்.

"நாங்கள் ஆர் எண்டு சொன்னியோ?"

"அவ கேக்கேல்லை."

"ஏன்ரா சொல்லேல்லை?" என்றா தங்கம்.

"வந்து பாக்கட்டும் அம்மா. எல்லாரும் வந்துதானே பாக்கினம்."

அதில் கொஞ்சம் கெட்ட புத்தி இருந்தது. நானும் தடுக்கவில்லை.

புள்ளி வைத்த படம்

வீட்டுக்குள் வந்ததும் எடித் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோடு வைத்தார். தங்கத்துக்கு அதிலேயே பிடித்துவிட்டது. தேத்தண்ணியும் வாழைப்பழ வாய்ப்பனும் வைத்தா. வாய்ப்பன் இரண்டு சாப்பிட்டார்.

பைக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்து மேசையில் விரித்தார். இங்கிலாந்து. ஒரே ஒரு பள்ளத்தாக்கில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக, அம்மை போட்டது மாதிரி. ஒரு புள்ளி ஒரு ஹெசல்த்வெய்ட் வீடு, இது பழைய காலம் என்றார். அதே இடத்தில் அடுத்த படம். புள்ளிகள் குறைந்திருந்தன. நெசவு ஆலை மூடினது. பெடியள் முதல் உலகச் சண்டைக்குப் போய் வரவில்லை. பெட்டைகள் கட்டிக்கொண்டு வேறு பேருக்குப் போனார்கள். கொஞ்சப் பேர் கப்பல் ஏறினார்கள்.

மூன்றாவது படம். பள்ளத்தாக்கில் ஒரு புள்ளி.

"அது நான்," என்றார். "மிச்சம் எல்லாம் கல்லறைக் கல்லில."

நான்காவது படத்தில் நோர்வேயும் இருந்தது. ஒஸ்லோவில் புள்ளிகள். துரொண்ட்ஹெய்மில் புள்ளி. பச்சை நிறம்.

ரமணன் சொல்லச் சொல்லக் கேட்டேன். அந்தப் பேர் முதலில் இங்கிலீஷ் இல்லையாம். ஆயிரம் வருசத்துக்கு முந்தி இந்த நோர்வேப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் போன சனம் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வகைக் கொட்டைமரக் காட்டை வெட்டித் துப்புரவாக்கி இருந்திருக்கிறது. அந்த இடத்தின் பேர்தான் சனத்துக்கு வந்தது. ஷெல் சொன்னதும் இதைத்தான்.

"நீங்கள் போகாமல் இஞ்சையே நிண்ட ஆக்கள் எண்டு நினைச்சாவாம்," என்றான் ரமணன். "வேர் கிடைச்சிட்டுது எண்டு கூட்டாளிமாருக்கெல்லாம் சொல்லிப்போட்டாவாம்."

"பிந்தி வந்த ஆக்கள் எண்டு சொல்லு," என்றேன்.

அவன் சொன்னான். எடித் சிரித்தார். ஆனால் படத்தை மடிக்கிற விரல் மெதுவாகப் போனது. வந்த தூரம் வீண் என்று அந்த விரலில் தெரிந்தது.

பிறகு கேட்டார், எங்களுக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று.

வாங்கின கதை

"திருகோணமலையில கப்பற்தளத்தில ஒரு ஹெசல்த்வெய்ட் துரை இருந்தவர்," என்றேன். "அவர் எங்கட அப்பரை வாங்கினவர்."

ரமணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "வாங்கினவரோ?"

"ஓம். சொல்லு."

சொன்னான். எடித் கோப்பையை வைத்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"என்ன குடுத்து வாங்கினவர் எண்டு கேக்கிறா."

"ஒரு சிரங்கைத் தவிடு, ஒரு கை அள்ளினது."

"அப்பா, என்ன கதை இது? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீயும் கேக்கேல்லை."

தங்கம் என்னை ஒரு பார்வை பார்த்தா. "இஞ்சருங்கோ, ஒழுங்காச் சொல்லுங்கோ. அந்த மனுசி மூச்சு விடாமல் இருக்கு."

சொன்னேன். அப்பருக்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போனவை. மூன்றாவதாக அப்பர் பிறந்தார். எங்கள் பக்கத்தில் அப்படி என்றால் பிள்ளையை வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள். தவிடு வாங்கிக்கொண்டு கொடுப்பது. பணம் வாங்கக்கூடாது. வாங்கின ஆளின் பேர் பிள்ளைக்கு. சாவு அந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்தால், அந்த வீட்டில் பிள்ளை இல்லை. வேறு பேரில் வேறு ஆளின் பிள்ளை இருக்கிறது. பெற்றவர்கள் வளர்த்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தப்பி வளர்ந்தால், காது குத்துகிற நேரம் அரிசி கொடுத்து மீட்கவேண்டும்.

மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்கு விற்பார்கள். அப்பரைப் பெற்ற என் அப்பப்பாவுக்குக் கப்பற்தளத்தில் கொதிகலன் அடியில் வேலை. பக்கத்து வீடு சாவுக்குத் தெரிந்த வீடு என்று அவர் யோசித்தார். நேரே தன் மேலாள் துரையிடம் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். குதிரைக்கு வைத்த தவிட்டில் ஒரு கை அள்ளித் தரச் சொன்னார். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தந்தார்.

"பிறகு மீட்டதோ?" என்று எடித் கேட்டதாக ரமணன் சொன்னான்.

"இல்லை. காது குத்துறதுக்கு முன்னம் உலகச் சண்டை வந்து ஜப்பான்காரன்ர குண்டு விழுந்தது. துரையைக் கப்பலில ஏத்தி அனுப்பிப்போட்டினம். ஆள் இல்லாமல் ஆரிட்டை மீட்கிறது?"

எடித் ஜன்னல் பக்கம் திரும்பினார். பைன் மரங்கள் சொட்டிக்கொண்டு நின்றன. பிறகு அவர் கதைத்தது கொஞ்சம்தான். ரமணன் துண்டு துண்டாகச் சொன்னான்.

துரையின் பேர் வால்டர். எடித்தின் அப்பப்பாவுக்குத் தம்பி. இருமல் வருத்தத்தோடு வீட்டுக்கு வந்தவர். கட்டவில்லை. சாகும்வரை, இலங்கையில் எனக்கு ஒரு பெடியன் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு இருந்தாராம். குடும்பத்துக்கு வெட்கம். அங்கே எவளோடோ பிழைவிட்டுப் பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவர் என்று நினைத்தார்கள். வீட்டின் பின்பக்க அறையில் விட்டார்கள். சின்னப்பிள்ளைகளை அந்தப் பக்கம் போக விடவில்லை.

"இவவையும் விடேல்லையாம்," என்றான் ரமணன். குரல் மாறியிருந்தது. "கதவுக்கு வெளியில நிண்டு அவர் இருமுறதைக் கேட்டவாவாம்."

அரிசித் தட்டு

தங்கம் எழும்பிக் குசினிக்குள் போனா. திரும்பி வரும்போது பித்தளைத் தட்டில் அரிசி. முகம் கழுவி, பொட்டும் புதிதாக வைத்திருந்தா.

"என்னப்பா இது?" என்றேன்.

"மீட்கேல்லைத்தானே. இப்ப அந்த வீட்டு ஆள் வந்து இருக்கிறா. மீட்டுப்போட்டு விடுவம். ரமணன் பேரை மாத்தப் போறான். கணக்கை முடிக்காமல் மாத்தக் கூடாது. சுஜியும் இந்த நிலையில இருக்கிறா."

ரமணன் தட்டை வாங்கினான். எடித்துக்கு விளங்கப்படுத்தினான். பேரை மாற்றப் போவதையும் சொன்னான். ஏன் என்றும் சொன்னான். ஸ்டேசனில் அவர் பின்னால் பார்த்ததையும் மறைக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

தட்டை நீட்டினான். எடித் அரிசியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், சின்னப்பிள்ளை மாதிரி.

"நோ," என்றார்.

அது எனக்கே விளங்கியது. மிச்சத்தை ரமணன் சொன்னான்.

"அவர் திருப்பி விக்கேல்லையாம். கடைசி மட்டும் தன்ர பெடியன் எண்டுதான் சொன்னவராம். அவர் விக்காததை விக்கிறதுக்கு நான் ஆர் எண்டு கேக்கிறா."

தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "வியாபாரம் தெரியாத மனுசி! அரிசி நல்ல சம்பா எண்டு சொல்லு."

ரமணன் சொன்னானோ என்னவோ, எடித் சிரித்தார். கண் துடைத்தார். ஆனால் கை பின்னால்தான் இருந்தது.

ஸ்டேசன் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். ரெயில் ஏறுமுன் அவர் ரமணனிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"பேரை மாத்துறது உன்ர விருப்பம், அதில தனக்குக் கோபமில்லை எண்டா. ஸ்டேசனில பாத்ததுக்கு மன்னிப்பும் கேட்டவா."

நடேசன் என்று ஒரு பெட்டி

ரமணன் பேரை மாற்றினான். சொன்னபடி செய்கிறவன். அதில் என்னைப் போல.

பியோர்ண்டாலில் அவன் வீட்டுக் கடிதப்பெட்டியில் புதுத் தகடு. ரமணன் நடேசன். நான் முன்னால் நின்று பார்த்தேன். என் பேர். என் பிள்ளை என் பேரைச் சுமக்கிறான். சந்தோசமாக இருக்கவேண்டிய இடம். விரலால் தகட்டை ஒருமுறை துடைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எங்கள் பெட்டியையும் துடைத்தேன்.

தை மாதம், நாள் வர முன்னமே சுஜிக்குப் பிரசவ நோ கண்டது. பெண்பிள்ளை. என் உள்ளங்கையில் வைத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே தெரியும், அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய். பகல் வெளிச்சம் வெளியே வெள்ளையாக, பனி மேல் பனி.

டொக்டர் கதைத்ததை ரமணன் எனக்குச் சொல்லவில்லை. முகத்தில் இருந்தது. சுஜி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தா. "மாமா, பேர் வைக்கவும் பயமாக் கிடக்கு," என்றா.

தாதிப்பிள்ளை ஒருத்தி வந்தாள். பெட்டியில் கட்டுகிற அட்டையில் என்ன குடும்பப் பேர் எழுதட்டும் என்று கேட்டாள். நோர்ஸ்க் பாசை எனக்கு விளங்கும். தகப்பன் பேர் நடேசன் என்று அவளிடம் இருந்தது. அதையே எழுதட்டுமோ என்றாள்.

ரமணன் பிள்ளையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இல்லை," என்றான். "ஹெசல்த்வெய்ட்."

"அது ஆருடைய பேர்?"

"பிள்ளையை வாங்கின ஆளின்ர."

அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக அவன் சொல்லிக் கொடுத்தான்.

பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நின்று இங்கிலாந்துக்கு டெலிபோன் எடுத்தான். நான் பக்கத்தில். மூச்சு புகையாக வந்தது.

"உங்களிட்டைத் தவிடு இருக்கோ எண்டு கேட்டன்," என்றான் வைத்த பிறகு. "காலமைச் சாப்பாடே அதுதானாம்."

ஒரு கிழமையில் தேயிலைத் தகரப் பெட்டி ஒன்று தபாலில் வந்தது. உள்ளே ஓட்ஸ் தவிடு. ஒரு கை அள்ளினால் எவ்வளவோ அவ்வளவு. கடிதம் இல்லை. தங்கம் அதைச் சாமிப் படத்தடியில் வைத்தா.

பிள்ளை தங்கியது. டொக்டர்மார் பார்த்த வைத்தியத்தில் தங்கியது என்றுதான் நானும் சொல்வேன். தங்கம் அப்படிச் சொல்லமாட்டா. பேர் துளசி. துளசி ஹெசல்த்வெய்ட். பியோர்ண்டால் பெட்டியில் இப்போது தகடு இரண்டு.

போன மாதம் அவளுக்குக் காது குத்தினோம். ஊரைக் கூட்டி அழுதாள். நல்ல சத்தம். தங்கம் பித்தளைத் தட்டில் அரிசி அளந்து வைத்துவிட்டு, எடித்துக்கு டெலிபோன் எடுக்கச் சொல்லி ரமணனைக் கலைத்தா.

அவன் ஜன்னலடியில் நின்று கதைத்தான். பெட்டையின் அழுகையையும் கேட்க விட்டான். பிறகு வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னவாம்?" என்றா தங்கம்.

"விக்க மாட்டாவாம்."

தங்கம் தட்டைத் தூக்கினா. அரிசியைக் களைந்து பானையில் போட்டா. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம்.